குளிசைச் சரையில் தமிழில் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடமராட்சியில் ஒரு அரசாங்க ஆஸ்பத்திரிக்கு எதிரே பதினாலு வருடமாகப் போட்டோக்கொப்பிக் கடை நடத்தி வருகிறேன். உங்கள் பத்திரிகை காலையிலேயே கடைக்கு வந்துவிடும், கொப்பி அடிக்க வந்து காத்திருக்கிறவர்கள் அதைத்தான் புரட்டுவார்கள், சுகாதாரச் செய்தி ஏதும் வந்திருந்தால் என்னைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுகிற வயது போன ஆட்களும் இருக்கிறார்கள். மருந்துத் தட்டுப்பாடு, கொள்வனவில் ஊழல், டொக்டர்மார் வெளிநாடு போவது, பணிப்புறக்கணிப்பு எல்லாம் வருகிறது, வரவும் வேண்டும். ஆனால் இத்தனை வருடமாக என் மேசையில் நடக்கிற ஒரு விஷயம் செய்தியாக வந்து நான் ஒரு நாளும் வாசித்ததில்லை. குளிசை போட்டுத் தருகிற அந்தச் சின்னக் கடதாசிச் சரையில் என்ன எழுதியிருக்கிறது என்று, அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவருக்குத் தெரியாது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். கடிதம் நீண்டுவிட்டது, தயவு செய்து வெட்டாமல் போடப் பாருங்கள்.

கிளினிக் நாள் என்றால் ஆறு மணிக்கே எங்கள் ரோட்டில் ஓட்டோக்கள் வரத் தொடங்கிவிடும். பிரஷர், சீனி, கொலஸ்ரோல், முட்டு, மூட்டுவாதம் என்று எல்லாக் கிளினிக்குக்கும் சனம் வரும். நம்பர் எடுத்து, இரத்தம் கொடுத்து, டொக்டரைக் கண்டு, பிறகு மருந்து எடுக்கிற வரிசையில் நின்று வெளியில் வர மத்தியானம் திரும்பிவிடும். அதற்குப் பிறகுதான் என்னிடம் வருவார்கள். கொப்பி அடிக்க வந்தவர்கள் போலக் கொஞ்சம் நின்றுவிட்டு, வரிசை குறைந்ததும் பையைத் திறந்து சரைகளை மேசையில் பரப்பி, "பிள்ளை, இதிலை என்ன எழுதிக் கிடக்கெண்டு ஒருக்காச் சொல்லு" என்பார்கள்.

போன மாதம் வந்த ஆச்சிக்கு எண்பதுக்கு மேல் இருக்கும். ஏழு சரை. ரப்பர் வளையம் போட்டுக் கட்டி, சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்தா. அவவுக்கு எழுத வாசிக்கத் தெரியும், தேவாரப் புத்தகத்தைக் கண்ணாடி போடாமல் வாசிப்பா. ஆனால் சரையில் இருப்பது இங்கிலிஷ். அதனால் குளிசையின் நிறத்தையும் வடிவத்தையும் வைத்துப் பாடமாக்கி வைத்திருந்தா. வெள்ளை வட்டம் காலமை, நீட்டுக் குளிசை சாப்பாட்டோடு ரண்டு தரம், சின்ன றோஸ் இரவு. இந்த முறை ஆஸ்பத்திரிக்கு வேறு கம்பனியின் மருந்து வந்திருக்கிறது. வெள்ளை வட்டம் றோஸ் ஆகிவிட்டது. உள்ளங்கையில் இரண்டு றோஸ் குளிசையை வைத்துக்கொண்டு, "எது மோனை இரவுக்கு?" என்று என்னிடம் கேட்டா. இரண்டும் ஒரே நிறம், ஒரே அளவு, ஒன்றின் நடுவில் ஒரு கோடு மட்டும் இருந்தது. பார்த்துக்கொண்டிருந்த எனக்கே நெஞ்சு பதறியது. ஒன்று பிரஷர் குளிசை, மற்றது சீனிக் குளிசை. சீனிக் குளிசையை இரவு வெறும் வயிற்றில் மாறிப் போட்டுவிட்டுப் படுத்தால், விடிய எழும்புவது நிச்சயமில்லை.

சரையில் எழுதுவது இங்கிலிஷ் கூட இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. காலைக்கு "மானே", இரவுக்கு "நொக்ற்றே", இரண்டு நேரத்துக்கு "பி.டி.", மூன்று நேரத்துக்கு "ரி.டி.எஸ்." இவையெல்லாம் லத்தீன் சொற்களும் அவற்றின் சுருக்கங்களும். ஐரோப்பாவில் டொக்டர்மார் தங்களுக்குள்ளும் மருந்துக்கடைக்காரருக்கும் எழுதிக்கொண்ட பாஷை. டொக்டர் மருந்தாளருக்கு எழுதுகிற துண்டில் அது இருப்பதை நான் குறை சொல்லவில்லை, அது அவர்கள் இருவருக்கும் இடையிலான விஷயம். அந்தத் துண்டில் இருப்பதை அப்படியே பார்த்து நோயாளியின் சரையில் எழுதுவதைத்தான் கேட்கிறேன். "காலை" என்று எழுத இரண்டு எழுத்து போதும். "இரவு" என்றால் மூன்று. லத்தீனில் எழுதுவதை விட அது சுருக்கம், நேரமும் மிச்சம்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுகிறேன். ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லப் போவதில்லை, அது வேறு இடம், அங்கே வேலை செய்கிறவர்களோடு எனக்குக் கோபமும் இல்லை.

என் பெரியம்மாவுக்கு மூட்டுவாதம். விரல்கள் வளைந்து, காலையில் தேத்தண்ணிக் கோப்பை பிடிக்க முடியாத நிலை. கிளினிக்கில் நல்ல டொக்டர் ஒருவர் பார்த்து, மெதொட்ரெக்சேற் என்ற மருந்தைத் தொடங்கினார். அது கிழமைக்கு ஒரு நாள் மட்டும் போடுகிற குளிசை. பெரியம்மாவுக்கு ஒரு முறைக்கு நாலு, சின்ன மஞ்சள் குளிசை. அதன் பக்கவிளைவு குறைய போலிக் அசிட் என்ற இன்னொரு குளிசையும் கொடுத்தார்கள், அதுவும் சின்ன மஞ்சள். இரண்டு சரையிலும் பேனையால் இங்கிலிஷில் எழுதியிருந்தது. ஒன்றில் கிழமைக்கு ஒருக்கா என்றும் மற்றதில் ஒவ்வொரு நாளும் என்றும், இரண்டும் சுருக்கெழுத்தில். டொக்டர் வாயால் சொல்லித்தான் இருக்கிறார். பெரியம்மாவும் தலையை ஆட்டியிருக்கிறா. ஒரு காது கேட்காது அவவுக்கு, அதை வெளியில் சொல்ல வெட்கப்படுவா.

வீட்டுக்கு வந்து மாறிப் போட்டுவிட்டா. கிழமைக்கு ஒருக்காப் போட வேண்டியதை நாளும் நாலு, நாளும் போட வேண்டியதை ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

ஐந்தாம் நாள் வாயில் புண் வந்தது. வெக்கைக்கு வந்த புண் என்று சொல்லி, மணித்தக்காளி இலை அவித்துக் கொடுத்தோம். ஏழாம் நாள் கஞ்சித் தண்ணியும் இறங்கவில்லை, உதடெல்லாம் வெடித்து இரத்தம் கசிந்தது, காய்ச்சலும் காய்ந்தது. அன்று இரவுதான் 1990க்கு அடித்து அம்புலன்சில் கொண்டு ஓடினோம். இரத்தம் சோதித்த டொக்டர் என்னைக் கூப்பிட்டு, வெள்ளை அணுக்கள் மிகவும் கீழே போய்விட்டன, என்ன மருந்து போட்டவ என்று கேட்டார். நான் பையிலிருந்த சரைகளை எடுத்துக் கொடுத்தேன். அவர் அந்த மஞ்சள் குளிசைச் சரையைத் திறந்து எண்ணிப் பார்த்தார், பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அந்த மருந்து கூடிய அளவில் புற்றுநோய்க்குக் கொடுக்கிற மருந்து என்றும், வேகமாக வளருகிற கலங்களை அது தடுக்கும் என்றும், நாளாந்தம் போட்டால் வாய், குடல், எலும்பு மச்சை எல்லாவற்றையும் தாக்கும் என்றும் அன்றுதான் எனக்குச் சொன்னார்கள். மாற்று மருந்து ஊசியில் ஏற்றினார்கள். பதினொரு நாள் வார்ட்டில் வைத்திருந்தார்கள். தனி அறையில், வாய்க்கவசம் போட்டுக்கொண்டுதான் நாங்கள் கிட்டப் போகலாம். பெரியம்மா பிழைத்தது அந்த வார்ட்டில் இருந்தவர்களால்தான், அதை நான் சாகும்வரைக்கும் மறக்க மாட்டேன்.

துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது அதே இரண்டு குளிசையும் திரும்பவும் கையில் வந்தது. அதே மாதிரிச் சரை. அதே இங்கிலிஷ். நான் அந்த இடத்திலேயே மார்க்கர் பேனையை எடுத்து, ஒன்றில் "செவ்வாய்க்கிழமை மட்டும், நாலு" என்றும் மற்றதில் "செவ்வாய் தவிர மற்ற நாள், ஒன்று" என்றும் பெரிதாக எழுதினேன், பக்கத்தில் நின்ற மிஸ் அதை வாங்கிப் பார்த்துச் சரி என்றா. அரை நிமிடம்கூட எடுக்கவில்லை.

கிழமைக்கு ஒருக்காப் போடுகிற இந்த மருந்தை நாளும் போட்டு ஆட்கள் செத்திருப்பதாகப் பிறகு அறிந்தேன், எங்கள் ஊரில் மட்டுமில்லை, இங்கிலிஷ் பேசுகிற நாடுகளிலும் நடந்திருக்கிறது. அங்கே இதற்கென்று பெட்டியில் தனி எச்சரிக்கை அச்சடிக்கிறார்கள். தங்கள் சொந்தப் பாஷையில் எழுதியிருந்தும் மாறிப் போடுகிறார்கள் என்றால், விளங்காத பாஷையில் எழுதிக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை யாரும் யோசித்துப் பார்க்கலாம்.

அதற்குப் பிறகு என் கடையில் ஒரு பழக்கம் தொடங்கியது. மார்க்கர் பேனை மேசையில் எப்போதும் கிடக்கும். யார் சரையைக் காட்டினாலும் கிளினிக் கொப்பியோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தமிழில் எழுதிக் கொடுப்பேன். ஆனால் இதை நான் செய்யக்கூடாது, ஆசிரியர் அவர்களே. நான் உயிரியல் படித்து உயர்தரத்தோடு நின்றவள், மருந்தாளர் இல்லை. ஒரு நாள் ஒரு தம்பி தன் தகப்பனின் சரையைக் கொண்டு வந்தான். அதில் "ஓ.டி." என்று இருந்ததா "ஈ.ஓ.டி." என்று இருந்ததா என்று எனக்குப் பிடிபடவில்லை. முதலாவது என்றால் நாளுக்கு ஒன்று. இரண்டாவது என்றால் ஒன்றுவிட்ட ஒரு நாள். முன்னால் ஒரு சின்னக் கீறல் இருந்தது, அது எழுத்தா, பேனை வழுக்கியதா என்று தெரியவில்லை. அது இருதயக் குளிசை. திரும்ப உள்ளே போய்க் கேட்டுவிட்டு வா என்று அவனை அனுப்பினேன், அதற்குள் மருந்து கொடுக்கிற இடம் மூடிவிட்டார்கள். எனக்குத் தெரிந்த, ஓய்வு பெற்ற மருந்தாளர் ஒருவருக்குப் போன் எடுத்து, துண்டைப் படம் பிடித்து அனுப்பிக் கேட்டுத்தான் சொன்னேன். ஒன்றுவிட்ட நாள்தான். நான் அவசரத்தில் மற்றதை எழுதிக் கொடுத்திருந்தால்? அன்று இரவு எனக்கு நித்திரை இல்லை.

மருந்து கொடுக்கிறவர்களின் நிலைமையும் எனக்குத் தெரியும். கண்ணாடியில் ஒரு சின்ன ஓட்டை, அதற்கு அந்தப் பக்கம் ஒருவர் அல்லது இருவர், இந்தப் பக்கம் முற்றம் வரைக்கும் வரிசை. அவர்கள் "காலமை ஒண்டு, இரவு ரண்டு" என்று வாயால் சொல்லித்தான் கொடுக்கிறார்கள், வாங்குகிறவர் அதை நம்பர் கூப்பிடுகிற சத்தத்துக்கும் பிள்ளைகள் அழுகிற சத்தத்துக்கும் நடுவில் கேட்க வேண்டும், ஏழு மருந்துக்கும் ஏழு விதமாக, முப்பது நாளுக்கு ஞாபகம் வைத்திருக்கவும் வேண்டும். சரையில் ஏன் இங்கிலிஷ் என்றால், அவர்கள் படித்தது அப்படி, பக்கத்தில் இருந்து பழகியது அப்படி. தமிழில் எழுதக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. எழுத வேண்டும் என்றும் யாரும் சொல்லவில்லை.

2024 கார்த்திகைக் கடைசியில் பெங்கல் புயலோடு வந்த மழையும் வெள்ளமும் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இன்னும் மறக்காது. தண்ணீர் வடிய முதலே காய்ச்சல் தொடங்கிவிட்டது. கரவெட்டி, பருத்தித்துறைப் பக்கத்து ஆட்கள், வயலுக்கும் தோட்டத்துக்கும் போகிற இளந்தாரிகள், இரண்டு மூன்று நாள் காய்ச்சலோடு வந்து மூச்சு எடுக்க முடியாமல் போனார்கள். டிசம்பர் நடுப்பகுதிக்குள் ஏழு உயிர் போய்விட்டது. முதலில் "மர்மக் காய்ச்சல்" என்றுதான் எல்லாப் பத்திரிகையிலும் தலைப்பு வந்தது, உங்கள் பத்திரிகையையும் சேர்த்து. கொழும்புக்கு அனுப்பிய இரத்தச் சோதனையில் எலிக்காய்ச்சல் என்று வந்த பிறகுதான் சனத்துக்குக் கொஞ்சம் நெஞ்சு ஆறியது. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர், காலில் இருக்கிற சின்னக் காயத்தால் உள்ளே போகிறது. வயலில் இறங்குகிறவர்களுக்கு டொக்சிசைக்கிளின் கொடுக்கத் தொடங்கினார்கள், சேற்றில் வேலை இருக்கிற காலம் முழுக்கக் கிழமைக்கு ஒருக்கா இரண்டு குளிசை, சாப்பாட்டுக்குப் பிறகு, நிறையத் தண்ணீரோடு. பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களான பிஎச்ஐமார் அந்தச் சேற்றுக்குள் வீடு வீடாகத் திரிந்ததை நான் கண்ணால் கண்டவள்.

அந்த நாட்களில் என் கடைக்கு வந்த ஒரு விவசாயி நெஞ்சைத் தடவிக்கொண்டு நின்றார். என்ன ஐயா என்றால், "இந்தக் குளிசை போட்ட நாளிலிருந்து நெஞ்செல்லாம் எரியுது பிள்ளை" என்றார். எங்கே வாங்கினார் என்று கேட்டேன், வேறு யாரோ எடுத்ததில் பாதியைச் சொந்தக்காரர் ஒருவர் கொடுத்திருக்கிறார், சரையில் "2 வீக்லி" என்று இங்கிலிஷில் இருந்தது. அந்த இரண்டை மட்டும் பிடித்துக்கொண்டு நாளும் இரண்டு போட்டிருக்கிறார், படுக்கப் போகும்போது, ஒரு மிடறு தண்ணீரோடு. அந்த மருந்து தொண்டைக்குக் கீழே ஒட்டிக்கொண்டால் புண்ணாக்கும், போட்டவுடன் படுக்கக்கூடாது என்று அவருக்கு யார் சொன்னது? நாலு நாளில் எட்டுக் குளிசை முடிந்திருந்தது. அது அவருக்கு ஒரு மாதத்துக்கு வர வேண்டியது. மிச்சம் இல்லை என்று, அதற்குப் பிறகு வந்த கிழமைகளில் ஒன்றும் போடாமல் வயலுக்குப் போயிருக்கிறார்.

அதே நாட்களில் வட்சப்பில் என்ன வந்தது என்பதையும் எழுத வேண்டும். ஒரு குரல் பதிவு. பெண் குரல், நல்ல தெளிவான யாழ்ப்பாணத் தமிழ். இன்ன இலையை இன்ன மாதிரி அவித்து, இத்தனை கரண்டி, காலையில் வெறும் வயிற்றில், மூன்று நாள், இந்தக் காய்ச்சல் அண்டாது, ஆஸ்பத்திரிக்குப் போகத் தேவையில்லை. பத்துப் பேராவது அதைப் போட்டுக் காட்டி உண்மையா என்று என்னிடம் கேட்டார்கள். அளவு விளங்கியது, நேரம் விளங்கியது, எத்தனை நாள் என்பதும் விளங்கியது. அதைச் சொல்லுகிறவர் யார் என்று மட்டும் யாருக்கும் தெரியாது. எங்கள் சனம் மூடநம்பிக்கை பிடித்தவர்கள் என்று சிலர் எழுதுவதை நான் ஏற்க மாட்டேன். தங்களுக்கு விளங்குகிற பாஷையில் மரியாதையாகச் சொல்லுகிறவரின் பேச்சைத்தான் மனிதர் கேட்பார்கள். டெங்குக்குப் பப்பாசி இலைச் சாறு கொடுத்து ஒரு நாள், இரண்டு நாள் வீட்டில் வைத்திருந்து பிந்தி வருகிற பிள்ளைகளின் கதையும் இதுதான்.

இது எங்கள் மாகாணத்துக்கு மட்டுமான விஷயமும் இல்லை. 2020 டிசம்பரில் கேகாலையில் தம்மிக்க பண்டார என்பவர் தேனும் சாதிக்காயும் சேர்த்த பாணி ஒன்றைக் கொரோனாவுக்கு மருந்து என்று கொடுத்தார், காளி தெய்வம் சொல்லித் தந்தது என்றார், இடைவெளி விட்டு நிற்க வேண்டிய காலத்தில் ஆயிரக்கணக்கில் சனம் போய் நெருக்கியடித்து வரிசையில் நின்றது. அப்போது சுகாதார அமைச்சராக இருந்த பவித்ரா வன்னியாராச்சி அதை எல்லோருக்கும் முன்னால் வாங்கிக் குடித்தார். அடுத்த மாதமே அவருக்குக் கொரோனா பிடித்து, தீவிர சிகிச்சைக்குப் போய் வந்தார். வரிசையில் நின்ற அந்தச் சனத்தை நினைத்தால் எனக்குக் கவலைதான் வருகிறது. பயந்துபோய் நின்றவர்கள். அவர்களுக்கு விளங்குகிற விதமாக வேறு யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஒருவர் சொன்னார், போனார்கள்.

சுகாதார அமைச்சுக்குத் தமிழில் சொல்லத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். பிள்ளை பிறந்தவுடன் தாய்க்குக் கொடுக்கிற வளர்ச்சிப் பதிவேட்டைப் பாருங்கள், பெண் பிள்ளைக்கு றோஸ், ஆண் பிள்ளைக்கு நீலம். எந்த மாதம் எந்தத் தடுப்பூசி, எந்த வயதில் பிள்ளை தவழும், எப்போது முதல் சோறு, நிறைக் கோடு கீழே போனால் என்ன செய்வது எல்லாம் தமிழில், படத்தோடு இருக்கிறது. எத்தனையோ தாய்மார் அதை என்னிடம் கொப்பி அடிக்கக் கொண்டு வருகிறார்கள், நெருப்புப் பிடித்தால் தாலிக்கொடிக்கு முதல் அதைத்தான் எடுப்பேன் என்று ஒரு தங்கச்சி சொன்னாள். மருத்துவிச்சி அம்மா வீட்டுக்கு வந்து, குந்தியிருந்து, அதைத் திறந்து வைத்துத் தமிழில் சொல்லுவா. இந்த நாட்டில் கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளைக்கும் தடுப்பூசி போய்ச் சேருகிறது என்றால் அதற்கு இந்தக் கொப்பியும் அந்த மருத்துவிச்சி அம்மாவும்தான் காரணம் என்பேன். 2016இல் உலக சுகாதார அமைப்பு இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்ததும் அப்படித்தான், வாசலுக்கு வந்து, கிணற்றை எட்டிப் பார்த்து, காய்ச்சல் ஆருக்கு என்று கேட்டு இரத்தம் குத்தி எடுத்த ஆட்களால். பிள்ளைக்கு ஐந்து வயது வரைக்கும் தமிழில் இவ்வளவு அன்பாகச் சொல்லுகிற அரசாங்கம், அந்தப் பிள்ளையின் அம்மம்மாவோடு ஏன் லத்தீனில் பேச வேண்டும்?

இதைச் சொல்ல யாழ்ப்பாணத்தாருக்கு மற்றவர்களை விட உரிமை அதிகம். 1847இல் அமெரிக்காவிலிருந்து வந்த டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் இருந்து மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்தார். முதலில் இங்கிலிஷில்தான் தொடங்கினார், பிறகு இந்தச் சனத்துக்கு அவர்களின் பாஷையிலேயே சொல்ல வேண்டும் என்று முடிவெடுத்துத் தமிழுக்கு மாறினார். உடற்கூறு, இரண வைத்தியம், பிள்ளைப்பேறு, இரசாயனம் என்று பெரிய பெரிய புத்தகங்களைத் தன் மாணவர்களோடு சேர்ந்து தமிழாக்கி அச்சிட்டார். தமிழில் சொல் கிடைக்காத இடத்தில் தயங்கவில்லை, இரசாயனப் புத்தகத்துக்குக் "கெமிஸ்தம்" என்றே பெயர் வைத்தார். 1884இல் தன் சொந்த ஊரான வூஸ்ரரில் இறந்தபோது, தமிழருக்கு ஊழியம் செய்த மருத்துவர் என்றுதான் கல்லறையில் பொறிக்கச் செய்தார். மானிப்பாயில் அவர் பெயரில் ஆஸ்பத்திரி இன்னும் இருக்கிறது. கம்ப்யூட்டரும் இல்லாமல், தமிழில் மருத்துவச் சொல்லகராதியும் இல்லாமல், வெளியூர்க்காரர் ஒருவர் முழு மருத்துவத்தையும் தமிழில் எழுதிய மண்ணில், நான் கேட்பது காலை, மத்தியானம், இரவு, சாப்பாட்டுக்கு முன், பின் என்ற ஐந்தாறு சொல்.

மருந்தின் பெயரைத் தமிழில் மாற்ற வேண்டும் என்று நான் கேட்கவில்லை, அதைத் தயவு செய்து யாரும் பிழையாக விளங்கக்கூடாது. மருந்தின் பெயர் உலகம் முழுக்க ஒன்றாக இருப்பதுதான் நோயாளிக்குப் பாதுகாப்பு. மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே அவர்கள் எழுபதுகளின் தொடக்கத்தில் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தை உருவாக்கி, கம்பனிப் பெயரை விட்டு மருந்தின் பொதுப் பெயரால் வாங்குவோம், எழுதுவோம் என்று கொண்டு வந்தது அதற்காகத்தான். அது முழுதாக நடந்திருந்தால் இன்று என் மேசைக்கு வருகிற குழப்பத்தில் பாதி இருக்காது. பரசிற்றமோல் என்று ஆஸ்பத்திரியில் தந்ததையும், வீட்டில் இருந்த பனடோலையும் இரண்டு வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் சேர்த்துப் போடுகிறவர்களைக் கிழமைக்கு ஒருவராவது காணுகிறேன். வளர்ந்த, சுகதேகியான ஆளுக்கே ஒரு நாளைக்கு எட்டுக் குளிசைக்கு மேல் போகக்கூடாது, போனால் ஈரல் கெடும். டெங்குக் காய்ச்சலில் உடம்பு உளைவுக்கு அது ஒன்றுதான் பாதுகாப்பான மருந்து என்பதால் எல்லோரும் அதைத்தான் போடுகிறார்கள். பெயரைத் தமிழ் எழுத்தில் ஒரு முறை எழுதி, "பனடோலும் இதுவும் ஒன்று" என்று பக்கத்தில் போட்டால் போதும்.

சட்டம் இருக்கிறதா என்றால் இருக்கிறது. 1987இல் தமிழும் அரச கரும மொழியாகிவிட்டது. அடுத்த வருடமே வடக்கு கிழக்கில் நிர்வாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பில் எழுதிவிட்டார்கள். குளிசைச் சரையும் அரசாங்கம் குடிமகனுக்குக் கொடுக்கிற கடதாசிதான், காணி உறுதியை விட அவசரமானது. சிங்களச் சனத்துக்கும் இதையே கேட்கிறேன். அநுராதபுரத்திலிருந்து மகன் இராணுவத்தில் என்று பார்க்க வந்து, வந்த இடத்தில் சுகமில்லாமல் போன ஒரு அம்மாவும் சரையைக் கொண்டு என் கடைக்கு வந்தா, அவவுக்கும் அதில் ஒரு எழுத்து விளங்கவில்லை, எனக்குத் தெரிந்த கொஞ்சச் சிங்களத்தில் காலைக்கு "உதே", இரவுக்கு "ரா" என்று காட்டிக் கொடுத்தேன். மகரகமைக்குப் புற்றுநோய் வைத்தியத்துக்குப் போகிற எங்கள் ஆட்கள் அங்கே படுகிற பாட்டைச் சொல்ல வேறொரு கடிதம் வேண்டும்.

சரி, என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். நான் கடையில் இருந்தபடியே ஒன்று செய்து பார்த்தேன். ஏ4 தாள் ஒன்றை எட்டாக மடித்தால் எட்டுச் சரை வரும். முன்பக்கத்தில் மேலே நோயாளியின் பெயருக்கும் மருந்தின் பெயருக்கும் கோடு. கீழே நாலு கட்டம்: சூரியன் உதிக்கிற படத்தோடு காலை, உச்சி வெயிலோடு மத்தியானம், விளக்கோடு பின்னேரம், நிலவோடு இரவு. மருந்து கொடுக்கிறவர் கட்டத்துக்குள் ஒன்று, இரண்டு, அரை என்று இலக்கம் போட்டால் போதும், எழுத்தே தேவையில்லை. அதற்குக் கீழே சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின் என்று இரண்டு வட்டம், ஒன்றில் ஒரு புள்ளடி. தமிழிலும் சிங்களத்திலும் இருக்கிறது, சிங்களத்தை எனக்குத் தெரிந்த ஒரு ரீச்சர் திருத்தித் தந்தா. கிழமைக்கு ஒருக்காப் போடுகிற மருந்துக்கு மட்டும் தனிச் சரை, சிவப்புத் தாளில், ஏழு நாளின் பெயரும் அச்சடித்து, அதில் ஒன்றைச் சுற்றி வட்டம் போட வேண்டும், மற்ற ஆறையும் வெட்டிவிட வேண்டும். வெட்டாமல் கொடுக்கக்கூடாது. பெரியம்மாவுக்கு முதல் சிவப்புச் சரையைக் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்து, "செவ்வாய்" என்று வாசித்தா.

மாதிரி இரண்டையும் இந்தக் கடிதத்தோடு வைத்து அனுப்புகிறேன், இடம் இருந்தால் படமாகப் போடுங்கள். இதில் பிழை இருந்தால் மருந்தாளர்கள், டொக்டர்மார் யாராவது உங்கள் பத்திரிகை மூலமாகவே சொன்னால் திருத்துவேன். எந்த ஆஸ்பத்திரி அனுமதி தந்தாலும் முதல் ஆயிரம் வெள்ளைச் சரையும் இருநூறு சிவப்புச் சரையும் என் செலவில் அடித்துத் தருகிறேன், தாளும் மையும் வாங்கி வைத்திருக்கிறேன். ஐப்பசி பிறந்துவிட்டது, விதைப்புக்கு இறங்குகிறார்கள், இன்னும் கொஞ்ச நாளில் வெள்ளம் நிற்கும். டொக்சிசைக்கிளின் கொடுக்கத் தொடங்க முதல் அந்தச் சிவப்புச் சரை போய்ச் சேர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வடமராட்சி.
(பெயரும் முகவரியும் ஆசிரியர் பீடத்துக்கு மட்டும்)